குவைத்துக்கு ஒரு ஆள்

ஆதிலட்சுமி மில்லிலிருந்து வரும்போது தலைமயிர், புருவம், கழுத்து மடிப்பு எல்லாவற்றிலும் மல்லாட்டைத் தோல் தூளாக ஒட்டியிருக்கும். வேர்க்கடலையை உடைத்துக் கொட்டிய பருப்பில் சொத்தை பொறுக்கும் வேலை. வாசலில் நின்று முந்தானையை உதறி, தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிய பிறகுதான் குழந்தையைத் தொடுவாள். அன்றைக்கு அது முடியவில்லை. வீட்டுக்குள் சக்கரபாணி முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் குரல் கேட்டதுமே குழந்தை அப்பன் அப்பாதுரையின் மடியை விட்டு இறங்கி ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து குழந்தையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

சக்கரபாணி சின்னக்கடைத் தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவன். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் பெருகப் பெருக, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் மெட்ராஸ் ஆபீஸ் ஒன்றுக்கு இந்தப் பக்கத்து ஏஜெண்டாகவும் ஆகியிருந்தான். கெட்டவன் என்று யாரும் சொன்னதில்லை. நல்லவன் என்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. அவன் அனுப்பியவர்களில் பலர் இன்னும் திரும்பியிருக்கவில்லை.

"தங்கச்சி, தொரைகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். நீயும் ஒரு தபா கேட்டுக்கோ. குவைத்துல ஒரு வூடு. சமையலு, துணி தொவைக்கறது, பெருக்கறது. ரெண்டு வருசம். சாப்பாடு, தங்கறது, ஏரோப்ளேன் சார்ஜு எல்லாம் அவங்களது. ஆம்பளைங்க போனா ஆபீசுக்குக் கட்டணும். பொம்பளைங்களுக்கு ஒரு பைசா வேணாம்."

"காசு வாங்காத எதுக்கு அனுப்பறாங்க?" என்று அப்பாதுரை கேட்டான்.

"அந்த வூட்டுக்காரங்க குடுத்துடறாங்க, எங்க ஆபீசுக்கு."

"அப்ப அவங்க காசு குடுத்து இவள வாங்கறாங்க."

"இன்னா தொரை, இப்பிடிப் பேசற. வேலைக்கு ஆள் கூப்புடறாங்க. அவ்ளோதான்." சக்கரபாணி ஆதிலட்சுமியின் முதுகைப் பார்த்துச் சொன்னான். "ஒண்ணே ஒண்ணும்மா. ஆபீசுல கேப்பாங்க. பால்குடிப் புள்ள இருக்குதுன்னு சொல்லிடாத. புள்ளயே இல்லன்னுட்டா இன்னும் நல்லது. புள்ளய நெனச்சிக்கினு பாதியில திரும்பிடுவாங்கன்னு அவங்களுக்கு பயம். கார்த்திகை தீபம் முடியறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க."

குழந்தை முந்தானைக்குள்ளிருந்து ஒரு காலை நீட்டி அவள் தொடையை உதைத்துக்கொண்டே குடித்தது.

முந்தின வருஷம் மழையே இல்லை. கீழ்பென்னாத்தூர் பக்கமெல்லாம் கிணறுகள் வற்றி, அவனவன் நகையை விற்றாவது ஆழப்படுத்திக்கொண்டிருந்தான். பாறையில் துளை போட்டு வெடிமருந்து இடிக்கிற வேலையில் அப்பாதுரைக்கு நல்ல பேர். ஆதிலட்சுமியின் தாய்வீட்டுக்குப் பக்கத்துக் கிணற்றில்தான் அது நடந்தது. ஒரு குழி வெடிக்கவில்லை. வெகுநேரம் காத்திருந்து பார்த்துவிட்டு இறங்கினான். கிட்டே போனதும் அது வெடித்தது. வலது கை மணிக்கட்டோடு போயிற்று. அதிலிருந்து அவன் யார் முன்னாலும் சாப்பிடுவதில்லை. இடது கையால் பிசைந்து, கதவு மறைவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவான்.

சாயங்காலம் அவன் அக்கா சரசு வந்தாள். கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவள். மிச்சப் பூவை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஏஜெண்டு பேச்சு வேணாண்டா தொரை. எந்த வூடு, எவன் வூடுன்னு அவனுக்கே தெரியாது. ஆராயி போயிட்டு வந்தா இல்ல? அவ எந்த ஏஜெண்டு மூலமா போனா? அவ வூட்டுக்காரனோட சொந்தக்காரன் அங்க டிரைவரா இருந்தான், நேரா விசா எடுத்துக் குடுத்தான். இப்ப அந்த வூட்டுல வேற ஆள் கேக்கறாங்களாம். அவ புருசன் பலராமன் பஜார்ல எல்லாருகிட்டயும் சொல்லிக்கினு திரியறான். அங்க போவட்டும். தெரிஞ்ச வூடு."

அப்பாதுரை முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. "அது பரவால்ல," என்றான்.

"நீ இன்னாம்மா சொல்ற?" என்று சரசு கேட்டாள்.

"போயி கேட்டுப் பாக்கலாம் அண்ணி," என்றாள் ஆதிலட்சுமி. ஆராயி மில்லில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பருப்பு பொறுக்கியவள். ஒரே தூக்குவாளியில் கூழ் கரைத்துக் குடித்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மில் லீவு. குழந்தையைச் சரசுவிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் ஆராயி இருந்த வேங்கிக்காலுக்கு நடந்தார்கள். ஐப்பசித் தூறல். ஏரிக்குத் தண்ணீர் வரத் தொடங்கியிருந்தது. மலையின் மேல்பாதி மேகத்துக்குள் இருந்தது. சாலைக்கு இந்தப் பக்கம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த வீடுகளில் ஆராயி வீடுதான் முதலில் முடிந்தது. பச்சை பெயிண்ட் அடித்த இரும்புக் கேட்டு.

பலராமன் ஓடி வந்து வரவேற்றான். "வா தொரை, வா. விசா தான? நான் சொன்னேன்னா அடுத்த மாசமே வந்துடும். இவள மாதிரியே ஒரு ஆள் அனுப்புன்னு மூணு தபா சொல்லி அனுப்பிட்டாங்க. அம்மாம் நல்ல பேரு எடுத்துட்டு வந்திருக்கா."

ஆராயி சதை போட்டு வெளுத்திருந்தாள். ஆதிலட்சுமியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். பலராமன் அப்பாதுரையைக் காம்பவுண்டுச் சுவர் போடும் இடத்தைக் காட்டப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். சமையலறையில் ஆராயி ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பால்பவுடரில் டீ போட்டாள். நாற்காலி இருந்தும் இரண்டு பேரும் தரையில்தான் உட்கார்ந்தார்கள்.

"புள்ள எப்பிடி இருக்கறா?"

"நல்லா இருக்கறாக்கா. நடக்கறா. வாய் ஓயாத பேசறா."

"பால் மறந்துட்டாளா?"

"இன்னும் இல்ல."

ஆராயி டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். ஆறிய பிறகும் ஆற்றினாள்.

"ஏஜெண்டு யாரு கேட்டாங்க, சக்கரபாணியா?"

"ஆமாக்கா. அவருக்கு ஏஜெண்டுன்னா பயம். எந்த வூடுன்னே தெரியாத எப்பிடி அனுப்பறதுங்கறாரு. நீங்க இருந்த வூடுன்னா தெரிஞ்ச வூடு. அதான் வந்தோம்."

"ஏஜெண்டு மூலமாவே போ."

ஆதிலட்சுமி சரியாகக் கேட்கவில்லையோ என்று நிமிர்ந்து பார்த்தாள்.

"போறதுன்னா ஏஜெண்டு மூலமா போ. என் வூடு வேணாம்."

"ஏங்க்கா, அந்த இடம் வேற யாருக்காவது சொல்லிட்டீங்களா?"

"யாருக்கும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். இவரு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறாரு. வர்ற ஒவ்வொருத்திகிட்டயும் நான் இப்பிடித்தான் உக்காந்து சொல்லி அனுப்பறேன்."

பின்பக்கத்திலிருந்து பலராமன் சிரிக்கிற சத்தம் வந்தது. ஆராயி குரலைத் தணித்தாள்.

"அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா இந்த வூட்டுக்குள்ள அவரால இருக்க முடியாது. நான் இருக்கறேன், எனக்குப் பழகிப்போச்சி."

ஆதிலட்சுமி பின்பக்கக் கதவைப் பார்த்தாள். டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி, "ஏஜெண்டு அனுப்பற வூடும் அப்பிடியே இருந்தா?" என்று கேட்டாள்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கூட வந்த ஒருத்தி இன்னொரு வூட்டுல இருந்தா. அங்க ஒரு கெழவி மட்டும்தான். பெத்த பொண்ணு மாதிரி வெச்சிக்கினா. அது அவங்கவங்க நேரம். ஆனா எனக்குத் தெரிஞ்ச வூட்டுக்குத் தெரிஞ்சே உன்ன அனுப்ப மாட்டேன், பொண்ணே."

"போவாதன்னு சொல்றீங்களாக்கா?"

ஆராயி சிமெண்டுத் தரையை உள்ளங்கையால் தடவினாள். "மூணு வேளை சோறு துன்னுக்கினு உன்னப் போவாதன்னு சொல்ல எனக்கு வாய் வரல," என்றாள்.

திரும்பி வரும்போது தூறல் வலுத்திருந்தது. ஏரிக்கரைப் புளியமரத்தடியில் ஒதுங்கினார்கள். அப்பாதுரை உற்சாகமாக இருந்தான்.

"மார்கழிக்குள்ள விசா வந்துடும்னு பலராமன் சொல்றான். சக்கரபாணிகிட்ட வேணாம்னு சொல்லிடறேன்."

"ஆராயி அக்கா அந்த வூடு வேணாம்னுட்டாங்க."

"ஏன்?"

"சொல்லல."

"வேலை ஜாஸ்தியா?"

அவள் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாதுரை இன்னொரு கேள்வி கேட்க வாய் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். பிறகு, "அவ வூட்டுக்காரன் கேட்டுக்குப் போட்ட பெயிண்ட்டைப் பத்தியே பேசிக்கினு இருந்தான்," என்றான்.

"அவருக்குத் தெரியாதாம்."

"நீ எங்கயும் போவ வேணாம், ஆதி."

அப்படித்தான் முடிவானது. சரசுவிடம் காரணம் சொல்லவில்லை. சக்கரபாணியிடம் அப்பாதுரையே போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அந்த வாரம் வீட்டில் எல்லோருக்கும் மனசு லேசாக இருந்தது. ஆதிலட்சுமி கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

ஆனால் கார்த்திகை பிறந்ததும் மில்லில் லோடு வருவது கம்மியானது. மேஸ்திரி பாதிப் பெண்களை நிறுத்தினார். வாரத்தில் சில நாள் மட்டும் அவளைக் கூப்பிட்டார்கள். காலையில் கூழ், ராத்திரி களி என்பது போய், களி மட்டும் என்றானது. அவள் சாப்பிடுகிற களிதான் குழந்தைக்குப் பாலாகிறது என்பதால் அப்பாதுரை தன் பங்கிலிருந்து அவள் தட்டில் தள்ளுவான். அவள் திருப்பித் தள்ளுவாள். அவன் வேலை கேட்டு அரிசி மண்டி, செங்கல் சூளை, லாட்ஜ் என்று ஏறி இறங்கினான். காவலுக்கு நிற்கக்கூட இரண்டு கையுள்ளவன் வேண்டும் என்றார்கள். ஒருவர் மட்டும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

தீபத்தன்று குழந்தைக்கு வேடிக்கை காட்டத் தூக்கிக்கொண்டு கிரிவலப் பாதைக்குப் போனான். கூட்டத்தில் நடந்து களைத்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்தான். குழந்தை மடியில் தூங்கிவிட்டது. வெயிலுக்கு அதன் முகத்தை மறைக்கத் துண்டான கையை நீட்டி வைத்திருந்தான். வெளியூர்க்காரர் ஒருவர், வேட்டி சட்டையில் பெரிய மனிதராகத் தெரிந்தவர், குனிந்து அவன் மடியில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்வதற்குள் கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. பின்னால் வந்த பெண்ணும் அவரைப் பார்த்து மடியில் ஒன்றைப் போட்டாள். நாணயம் பட்டுக் குழந்தை விழித்துக்கொண்டது.

மறுநாள் ஆதிலட்சுமி மில்லிலிருந்து வந்தபோது அம்மியில் வேப்பிலை அரைத்து வழித்து வைத்திருந்தது. குழவியின் ஒரு முனையை இடது கையாலும் மறு முனையை வலது முழங்கையாலும் அழுத்தி அரைத்திருக்க வேண்டும். அப்பாதுரையின் வலது கை மடிப்பு முழுக்கப் பச்சையாக இருந்தது.

"யாரு அரைச்சது?"

"நான்தான்."

"எதுக்கு?"

அவன் முழங்கையில் ஒட்டியிருந்த பச்சையை வேட்டியில் துடைத்தான்.

"போன்னு வாயால சொல்லுங்க. இல்ல போவாதன்னு சொல்லுங்க. இப்பிடி அரைச்சி வெச்சா நான் இன்னான்னு எடுத்துக்கறது?"

அவன் மரத்தடியில் நடந்ததைச் சொன்னான். நாணயங்களைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டதையும் சொன்னான். "அந்த ஆளு மேல தப்பு இல்ல, ஆதி. புள்ளயும் கையுமா பாத்தா யாருக்கும் அப்பிடித்தான் தோணும். நாளைக்கு நானே கைய நீட்டிடுவனோன்னு பயமா இருக்குது."

"அதுக்கு?"

"போன்னு சொல்ல முடியல என்னால. ஆனா பின்னாடி இந்தப் பொண்ணு கேட்டா, அம்மாதான் வேப்பிலை அரைச்சாங்கன்னு இருக்கக் கூடாது. அப்பன் அரைச்சான்னு இருக்கட்டும்."

அவள் அந்தப் பச்சை விழுதைத் தாண்டிப்போய் அடுப்பு மூட்டினாள். களி கிண்டினாள். அவனுக்குப் போட்டுவிட்டுத் தானும் சாப்பிட்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில் குழந்தை அவள் மடியில் ஏறி முந்தானையை இழுத்தது. அதன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "கொண்டாங்க," என்றாள்.

விழுதைத் தடவிய மாரில் வாய் வைத்த குழந்தை முதலில் அழவில்லை. வாயை எடுத்து அம்மாவின் முகத்தைப் பார்த்தது. "ம்மா, கச்சு," என்றது. அவள் துடைத்துவிட்டுத் தரப்போகிறாள் என்று காத்திருந்தது. அவள் துடைக்காததால் அதுவே தன் பாவாடையால் துடைத்துப் பார்த்து மறுபடி வாய் வைத்தது. அதற்குப் பிறகுதான் அழத் தொடங்கியது. அப்பாதுரை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டான். ஆதிலட்சுமி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். 

அன்றிலிருந்து குழந்தைக்கு ஊட்டுவது அவன் வேலையானது. கதவு மறைவில் ஒளிந்து சாப்பிட்டவன், நடுவீட்டில் உட்கார்ந்து இடது கையால் பிசைந்து உருட்டி ஊட்டினான். சரசு அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"டேய், பொட்டப்புள்ளைக்குப் பீச்சாங்கையாலயா சோறு ஊட்டுவ?"

"இருக்கற கை இதான்க்கா."

சரசு பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அதைப் பற்றி அவள் பேசவே இல்லை.

தை மாசம் சக்கரபாணி அவளை மெட்ராஸ் ஆபீசுக்குக் கூட்டிப்போனான். பால் இன்னும் முழுக்க வற்றவில்லை. மாரை இறுக்கித் துணி கட்டியிருந்தாள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பேர், ஊர், சமைக்கத் தெரியுமா என்று வரிசையாகக் கேட்டு எழுதினார். தலையைத் தூக்காமலே, "கொழந்தைங்க?" என்றார். "இல்லைங்க," என்றாள். அவர் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தவளை எழுப்ப சக்கரபாணிக்கு வெகுநேரம் பிடித்தது. "எல்லாரும் சொல்றதுதாம்மா," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் குரலும் சரியாக இல்லை.

மாசியில் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் குழந்தை அழும் என்று எல்லோரும் பயந்தார்கள். அது அப்பன் தோளில் உட்கார்ந்து பஸ்சின் ஹாரன் சத்தத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. பஸ் நகர்ந்தபோது எல்லா பஸ்சுக்கும் ஆட்டுவது போல இதற்கும் கையாட்டியது. ஆதிலட்சுமி ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து அதைப் பார்த்துக்கொண்டே போனாள்.

பணம் ஒழுங்காக வந்தது. அதில் சக்கரபாணி ஏமாற்றவில்லை. அடுத்த வருஷம், லீவில் வந்த ஒரு ஆள் மூலம் அவள் பேசிய கேசட் ஒன்று வந்தது. கேசட் போட்டுக் கேட்க அப்பாதுரைக்குத் தெரிந்த வீடு ஆராயி வீடுதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனான். பலராமன் வீட்டில் இல்லை. ஆராயி கேசட்டைப் போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"நான் நல்லா இருக்கறேன். இங்க பெரிய வூடு. நல்லா வெச்சிருக்காங்க. சாப்பாட்டுக்குக் குறை இல்ல. பாப்பாவ வெயில்ல விடாதீங்க. அண்ணிய கேட்டதா சொல்லுங்க. நான் நல்லா இருக்கறேன்."

இடையிடையே பாத்திரம் உருளும் சத்தம். அவ்வளவுதான். மிச்சக் கேசட் வெறுமனே ஓடியது. ஏதாவது வரும் என்று அப்பாதுரை கடைசிவரைக்கும் உட்கார்ந்திருந்தான். குழந்தைக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியவில்லை. ஆராயி கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தது.

"நல்லாத்தான் இருக்கறா, இல்லக்கா?" என்றான்.

"ம்."

"நீ அங்க இருக்கச்சே வூட்டுக்கு இன்னா பேசி அனுப்புவ?"

ஆராயி தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நல்லா இருக்கறேன்னுதான்," என்றாள்.

அவன் அங்கிருந்து நேரே சக்கரபாணியின் ஸ்டுடியோவுக்குப் போனான். ஆதிலட்சுமியைத் திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டும் என்றான். இரண்டு வருஷக் கெடு முடியாமல் வர முடியாது, பாஸ்போர்ட் அந்த வீட்டுக்காரர்களிடம் இருக்கிறது, ஆபீசில் கேட்டுப் பார்க்கிறேன் என்றான் சக்கரபாணி. கேட்டும் பார்த்தான். இரண்டு வருஷம் முடிந்த பிறகும் அந்த வீட்டார் இன்னொரு வருஷம் நிறுத்திக்கொண்டார்கள்.

அவள் வந்தது ஒரு சித்திரை மாசம். மெலிந்திருந்தாள். கழுத்தில் புதுச் சங்கிலி, இரண்டு பெட்டி, குழந்தைக்குக் கண் மூடித் திறக்கும் பொம்மை. சரசு மணத்தக்காளி வத்தக்குழம்பும் முருங்கைக்கீரையும் செய்துவைத்திருந்தாள். என்ன நடந்தது, எப்படி இருந்தாய் என்று கேட்க வேண்டும் என்று அப்பாதுரை மூன்று வருஷமாக மனசுக்குள் சேர்த்து வைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்க முடியவில்லை. அவளும் சொல்லவில்லை. பிற்பாடும் சொல்லவில்லை.

நடுவீட்டில் இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். அப்பாதுரை இடது கையால் பிசைந்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார்கள், ஆதிலட்சுமி இலையில் உட்காரவில்லை. அடுப்பங்கரையில் சுவரோரமாக நின்று, கையில் தட்டை ஏந்தி, வாசற்பக்கம் ஒரு கண் வைத்தபடி அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தாள்.

மகள் உண்ணாமலை சோற்றை மென்றுகொண்டே அவளைப் பார்த்தாள். "ஏம்ப்பா, அவங்க நின்னுக்கினே துன்றாங்க?" என்றாள்.

அப்பாதுரை எழுந்து போய் அவள் கையிலிருந்த தட்டை வாங்கினான்.

"இங்க யாரும் வேலைக்குக் கூப்புட மாட்டாங்க, ஆதி. வந்து உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். சரசு இலையில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். ஆதிலட்சுமி சோற்றில் கை வைக்காமல், இன்னும் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்பது போல, நிமிர்ந்து எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.